வாதம் செய்யலாம், வசை கூடாது! தாம்பரம் கற்றுத் தந்த பாடம்

வாசல் மணி அடிக்கிறது. வீட்டுக்கார அம்மாள் கதவைத் திறக்கிறார். வெளியே இரண்டு வாலிபர்கள் நிற்கிறார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, சட்டைப் பையின் மேல் பெயர் எழுதிய கறுப்பு அட்டை.

"வணக்கம் அம்மா. இயேசு கிறிஸ்துவைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?"

அந்த அம்மாள் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர். வேதாகமத்தைப் பல முறை படித்து முடித்தவர். அட்டையில் உள்ள சபையின் பெயரைப் பார்க்கிறார். இவர்கள் மார்மன் சபைக்காரர்கள்! இந்தச் சபையைப் பற்றி அவருடைய போதகர் எச்சரித்தது நினைவுக்கு வருகிறது.

இப்போது அவர் என்ன செய்வது? கதவைப் படாரென்று சாத்துவதா? "கள்ளப் போதகர்களே!" என்று திட்டுவதா? அல்லது "எல்லாம் ஒன்றுதான் தம்பி" என்று ஒப்புக்குச் சொல்லி அனுப்புவதா?

மூன்றும் சரியல்ல. நாலாவது வழி ஒன்று இருக்கிறது. அந்த வழியை உலகத்துக்கு எடுத்துக் காட்டிய ஊர்களில் தாம்பரமும் ஒன்று!

ஒரே தெருவில் பல சபைகள்

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து போனால் தெரியும். ஓரிடத்தில் கத்தோலிக்கரின் பூசை. சற்றுத் தள்ளித் தென்னிந்தியத் திருச்சபையின் பாட்டு. அடுத்த தெருவில் பெந்தெகொஸ்தே சபையின் கைத்தட்டல். எல்லோரும் ஒரே மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள். ஒரே கடையில் காய்கறி வாங்குகிறவர்கள்.

ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரண்டு சபைகள் இருப்பதும் உண்டு. அண்ணனுக்குக் குழந்தைப் பருவத்தில் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள். தம்பி பெரியவனான பிறகு முழுக்கு ஞானஸ்நானம் பெற்றிருப்பான். "அண்ணா, உங்கள் ஞானஸ்நானம் செல்லாது" என்று தம்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேச்சு நின்று விடும். கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள். சாவு வீட்டிலும் தள்ளி நிற்பார்கள். கண்ணீர் விடுவது பெற்ற தாய்தான்.

தண்ணீரின் அளவிலேயே இவ்வளவு சண்டை என்றால், கடவுள் யார் என்பதிலேயே வேறுபாடு வந்தால் என்ன ஆகும்? மார்மன்களுக்கும் மற்றக் கிறிஸ்தவர்களுக்கும் உள்ள வேறுபாடு அத்தகையது.

மார்மன்கள் யார்?

அமெரிக்காவில் 1830-ம் ஆண்டு ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய சபை இது. பூமியில் மறைந்து போன உண்மைச் சபையைக் கடவுள் தம் மூலம் மீண்டும் நிறுவினார் என்றார் ஸ்மித். வேதாகமத்துடன் "மார்மன் புத்தகம்" என்ற நூலையும் இந்தச் சபையார் வேதமாக ஏற்கிறார்கள். தீர்க்கதரிசிகள் இன்றும் உண்டு என்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் நோக்கத்தில் ஒன்றானவர்கள். ஆனால் தனித்தனியானவர்கள் என்பது இவர்கள் போதனை.

மற்றச் சபையார் இதை ஏற்பதில்லை. மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவமே அவர்களுடைய நம்பிக்கை. வேதாகமத்தோடு வேறு வேதத்தைச் சேர்க்கக் கூடாது என்கிறார்கள். மார்மன்களின் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001-ம் ஆண்டு கத்தோலிக்கத் தலைமை அறிவித்தது. மற்றவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானத்தை மார்மன்களும் ஏற்பதில்லை.

ஆகவே "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்வது உண்மையல்ல. அது இரு தரப்பையும் அவமதிப்பதாகும். இருவரும் உயிராக மதிக்கும் ஒன்றை, "அது பெரிய விஷயமே இல்லை" என்று தள்ளுவதாகும்.

சென்னைக்கு இந்தச் சபை புதிதல்ல. 1853-ம் ஆண்டிலேயே ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மார்மன் ஊழியர் கப்பலேறி இங்கே வந்தார். 1854-ல் தம் சபையின் கொள்கைகளை விளக்கிச் சென்னையில் ஒரு பத்திரிகையும் வெளியிட்டார். சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. அந்த ஆண்டே அவர் சென்னையை விட்டுப் புறப்பட்டார்.

வசை முற்றினால்...

பாலன்டைனுக்கு இங்கே ஏமாற்றம்தான் கிடைத்தது. ஆனால் அமெரிக்காவில் அவருடைய சபையார் பட்ட பாடு வேறு.

1838-ம் ஆண்டு அக்டோபரில் மிசௌரி மாகாண கவர்னர் ஓர் உத்தரவு போட்டார். மார்மன்களை அழிக்க வேண்டும். அல்லது மாகாணத்தை விட்டு விரட்ட வேண்டும் என்பதே அந்த உத்தரவு! அதே மாதத்தில் ஒரு கிராமத்தில் 17 மார்மன்கள் கொல்லப்பட்டார்கள். 1844-ல் ஜோசப் ஸ்மித்தைச் சிறைக்குள் புகுந்து ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது.

மார்மன்கள் மட்டும் குற்றமற்றவர்களா? இல்லை. 1857-ல் யூட்டா பகுதி வழியாகச் சென்ற பயணிகள் சுமார் 120 பேரை மார்மன் படையினர் கொன்றார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதில் மாண்டார்கள்.

இதற்கெல்லாம் மதம் மட்டுமே காரணம் அல்ல. நிலம், ஓட்டு, அரசியல் எல்லாம் கலந்திருந்தன. ஆனால் ஒரு கூட்டத்தை மனிதர்களே அல்ல என்று முதலில் வாய் சொல்லியது. பிறகுதான் கை துப்பாக்கியை எடுத்தது.

அந்த மிசௌரி உத்தரவு எப்போது ரத்தாயிற்று தெரியுமா? 1976-ம் ஆண்டில்! ஒரு தவறான கையெழுத்தை அழிக்க 138 ஆண்டுகள் ஆயின.

தாம்பரத்தில் கூடிய உலகம்

அந்த உத்தரவு பிறந்து சரியாக நூறு ஆண்டுகள் கழிந்தன. 1938-ம் ஆண்டு டிசம்பர் மாதம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அங்கே உலகப் புராட்டஸ்டண்டு சபைகளின் பெரிய மாநாடு கூடியது. சுமார் 70 நாடுகளிலிருந்து 470-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் வந்தார்கள். மார்மன்கள் அந்த மாநாட்டில் இல்லை. ஆனால் கருத்து வேறுபாட்டை எப்படிக் கையாள்வது என்பதை அந்த மாநாடு காட்டியது.

முதலில் சீனாவில் நடத்தத்தான் திட்டம். ஜப்பான் சீனாவின் மேல் படையெடுத்ததால் மாநாடு இந்தியாவுக்கு மாறியது. சீனரும் வந்தார்கள், ஜப்பானியரும் வந்தார்கள். இரு நாடுகளும் போர்க்களத்தில்! அந்நாட்டவர்களோ தாம்பரத்தில் ஒரே கூரையின் கீழ்! திருநெல்வேலிச் சீமையில் பிறந்த பிஷப் அசரியா வந்தார். யாழ்ப்பாணத்து இளம் போதகர் டி.டி.நைல்ஸ் வந்தார். பின்னாளில் நோபல் சமாதானப் பரிசு பெற்ற தென் ஆப்பிரிக்காவின் லுதுலியும் வந்தார்.

மாநாட்டில் சூடான வாதம் ஒன்று கிளம்பியது. "மற்ற மதங்களில் கடவுளின் ஒளி உண்டா?" என்பதே கேள்வி.

ஹாலந்து நாட்டு அறிஞர் கிரேமர் இதற்காகவே பெரிய நூல் ஒன்றை எழுதியிருந்தார். கிறிஸ்துவில் கடவுள் தம்மை வெளிப்படுத்தியது தனிப்பட்டது. மற்ற மதங்களின் தொடர்ச்சியாக அதைக் கருத முடியாது என்பது அவர் கட்சி.

கிறிஸ்தவக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஹாக் துரை இதை ஏற்கவில்லை. இந்துக்களின் நடுவே பல ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர். மற்ற மதத்தாரின் உண்மையான பக்தியிலும் கடவுளுடன் உறவு உண்டு என்றார். சென்னை வக்கீல்களான செஞ்சையா, சக்கரை முதலியோர் சேர்ந்து, மாநாட்டுக்கு முன்பே கிரேமருக்கு மறுப்பாக ஒரு நூல் வெளியிட்டிருந்தார்கள். இந்தச் சக்கரைச் செட்டியார்தான் பிறகு சென்னை மேயராகவும் விளங்கினார்.

யார் ஜெயித்தார்கள்? யாரும் ஜெயிக்கவில்லை! இந்த விஷயத்தில் கிறிஸ்தவர்களிடையே ஒத்த கருத்து இல்லை என்று மாநாடு எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. சேர்ந்து ஆராய வேண்டும் என்றும் சொன்னது. அடுத்த ஆண்டு மாநாட்டுத் தொகுதிகள் அச்சாயின. முதல் தொகுதியைத் திறந்தால் கிரேமரின் கட்டுரையும் இருக்கிறது. அதை எதிர்க்கும் ஹாக் துரையின் கட்டுரையும் இருக்கிறது. எதிரெதிர்க் கட்சிகள் ஒரே அட்டைக்குள்!

அதுதான் தாம்பரத்தின் பெருமை. வாதத்தை மறைக்கவில்லை, எதிராளியின் வாயை அடைக்கவும் இல்லை. 1988-ல் அதே கல்லூரியில் அறிஞர்கள் மீண்டும் கூடி அந்தக் கேள்வியை ஆராய்ந்தார்கள்.

குருவும் மாணவரும்

ஹாக் துரையின் வகுப்பில் திருத்தணியில் பிறந்த ஒரு மாணவர் படித்தார். இந்து சமயத்தை மிஷனரிகள் குறை கூறியது அந்த மாணவரின் மனத்தைச் சுட்டது. எம்.ஏ. பட்டத்துக்கு அவர் எழுதிய ஆராய்ச்சி, வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடம் உண்டு என்று வாதிட்டது. கிறிஸ்தவ குரு அதைக் கிழித்து எறியவில்லை. நன்றாகச் செய்திருக்கிறாய் என்று நற்சான்று கொடுத்தார்!

அந்த மாணவர்தான் டாக்டர் ராதாகிருஷ்ணன். 1962-ல் பாரதத்தின் ஜனாதிபதி ஆனார். குரு கடைசி வரை கிறிஸ்தவர். மாணவர் கடைசி வரை இந்து. மரியாதையால் இருவருக்கும் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மன்னிப்புக் கேட்ட பேராசிரியர்

மார்மன்களிடமும் இப்படிப் பேச முடியுமா? முடிந்திருக்கிறது. 1997-ல் சுவிசேஷக் கிறிஸ்தவப் பேராசிரியர் ஒருவரும் மார்மன் பேராசிரியர் ஒருவரும் சேர்ந்து ஒரே நூலை எழுதினார்கள். எங்கே ஒன்றுபடுகிறோம், எங்கே பிரிகிறோம் என்று ஒவ்வொன்றாக விளக்கினார்கள். 2000-ம் ஆண்டு முதல் ரிச்சர்ட் மவ் என்ற சுவிசேஷக் கிறிஸ்தவ அறிஞரும், ராபர்ட் மில்லெட் என்ற மார்மன் அறிஞரும் தத்தம் நண்பர்களுடன் கூடிப் பல ஆண்டுகள் பேசி வந்தார்கள்.

2004-ம் ஆண்டு நவம்பரில் மார்மன்களின் தலைநகரான சால்ட் லேக் நகரில், அவர்களுடைய பெரிய மண்டபத்தில், மவ் எழுந்து நின்றார். மார்மன்களின் நம்பிக்கையை எங்கள் ஆட்கள் பல முறை திரித்துக் கூறியிருக்கிறார்கள். அது பாவம் என்று மன்னிப்புக் கேட்டார். அவருடைய சொந்த ஆட்களே அவரைக் கண்டித்தார்கள். ஆனால் மவ் மார்மன் ஆகிவிடவில்லை. மில்லெட்டும் தம் சபையை விடவில்லை. பொய்ச்சாட்சி மட்டும் குறைந்தது.

"பொய்யை எதிர்க்க வேண்டாமா?"

இங்கே சிலர் கேட்கலாம்: "தவறான போதனை என்று தெரிந்தும் மரியாதையாகப் பேசுவதா? பக்கத்து வீட்டுப் பிள்ளை வழி தவறினால் சும்மா இருப்பதா?"

நியாயமான கேள்விதான். சும்மா இருக்க வேண்டாம். எதிர்க்கலாம். மறுக்கலாம். ஆனால் எதை எதிர்ப்பது? அவர்கள் உண்மையில் நம்புவதையா? அல்லது யாரோ கட்டிவிட்ட கதையையா? மார்மன்கள் ஒவ்வொருவரும் பல மனைவிகளுடன் வாழ்கிறார்கள் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. அந்தச் சபை 1890-லேயே பலதாரத் திருமணத்தைக் கைவிடுவதாக அறிவித்து விட்டது. இன்று அப்படிச் செய்பவரைச் சபையிலிருந்து நீக்குகிறார்கள். உண்மைக்காகப் போராடுகிறவர் பொய்யை ஆயுதமாக எடுக்கலாமா?

வீடு வீடாக வருகிறவர்களுக்கும் கடமை உண்டு. "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் திரும்பிப் போக வேண்டும். சபையில் சேர்ப்பதற்காக நட்பை வேஷமாகப் போடக் கூடாது. வயது வராத பிள்ளைகளிடம் பெற்றோருக்குத் தெரியாமல் பேசக் கூடாது.

மூன்று விதிகள்

வீட்டிலும் தெருவிலும் மூன்று விதிகள் போதும்.

முதலாவது: பிறருடைய நம்பிக்கையைச் சொல்லும்போது, "ஆம், நான் நம்புவது இதுதான்" என்று அவரே தலையசைக்கும்படி சொல்ல வேண்டும். மறுப்பு அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது: அவர் விரும்பும் பெயரால் அவரை அழைக்க வேண்டும். "மார்மன்" என்பது பிறர் வைத்த பெயர். 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற முழுப் பெயரால் அழைக்கும்படி 2018-ல் அச்சபையின் தலைவர் கேட்டுக்கொண்டார். முழுப் பெயரைச் சொல்வதால் அவர்கள் கொள்கையை ஏற்றதாக ஆகாது.

மூன்றாவது: வேறுபாட்டை மூடி மறைக்கக் கூடாது, அவசரப்படவும் கூடாது. தென்னிந்தியத் திருச்சபையை உண்டாக்கும் பேச்சு 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கியது. முடிந்தது 1947 செப்டம்பர் 27-ந் தேதி. ஒரே திரித்துவத்தை நம்புகிறவர்கள் ஒன்று சேரவே 28 ஆண்டுகள்! அதற்காக உழைத்த பிஷப் அசரியா அந்த நாளைக் காணாமலே 1945-ல் மறைந்தார்.

மறுபடியும் அந்த வாசல்

அந்த அம்மாள் இன்னும் வாசலில் நிற்கிறார். வாலிபர்களின் நெற்றியில் வியர்வை. இவர்களும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தானே?

"உள்ளே வாங்க தம்பி. தண்ணீர் குடியுங்கள். உங்கள் சபையை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் என்ன நம்புகிறீர்கள் என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள்."

இப்படிச் சொல்வதால் அந்த அம்மாளின் விசுவாசம் குறையப் போவதில்லை. அன்று மாலை அவர் அதே ஜெபத்தைத்தான் செய்வார். வாலிபர்களும் தங்கள் ஜெபத்தையே செய்வார்கள். ஆனால் நாளைக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தில் எதிர்ப்பட்டால், ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வார்கள்.

வீட்டுக்குள்ளே முகம் திருப்பிக்கொண்டு இருக்கும் அண்ணனும் தம்பியும் அதையாவது பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்!