பைபர் இணைப்பு: பென்னாகரம் வட்டார கேபிள், இணையப் பணியாளர்களின் நிலைப்பாடு

விவகாரம் உறுப்பினர்கள் எல்லோருக்கும் தெரியும். அறுந்த பைபரை இனி மெக்கானிக்கல் ஸ்பிளைஸ் போட்டே முடிக்க வேண்டும், பியூஷனுக்குத் தனித் தொகை கிடையாது என்று நமக்கு லைன் தரும் நிறுவனம் சொல்லிவிட்டது. நீண்ட விவாதத்துக்குப் பின் செயற்குழு எடுத்த நிலை இது.

மெக்கானிக்கல் முறையை நாங்கள் அடியோடு எதிர்க்கவில்லை. லாரி இழுத்து அறுத்த கேபிளை இரவோடு இரவாக ஓட வைக்க அது கைகொடுக்கும். பியூஷன் மெஷினின் விலை சிறிய ஆபரேட்டருக்குப் பாரம் என்பதையும் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

ஆனால் மெக்கானிக்கலையே நிரந்தர இணைப்பாக ஏற்க முடியாது. பியூஷனில் இரு நுனிகளும் மின்பொறியில் உருகி ஒன்றாகின்றன. ஒளி இழப்பு பெரும்பாலும் 0.1 டெசிபலைத் தாண்டாது. மெக்கானிக்கலில் நுனிகளை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் ஜெல் வைத்து, கிளிப்பால் பிடித்திருக்கிறோம். அவ்வளவுதான். இழப்பு 0.2 முதல் 0.5 வரை போகும். வழக்கமான ஜிபான் லைனில் தாங்கும் இழப்பே மொத்தம் 28 டெசிபல். 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் சுமார் 17 எடுத்துக்கொள்ளும். ஒகேனக்கல் பக்கம் 15 கிலோமீட்டர் ஓடினால் இன்னும் 5. கனெக்டர்களும் போக மிஞ்சுவது எவ்வளவு? இணைப்புக்கு 0.3 என்றாலும் பத்து இணைப்பில் 3 டெசிபல், அதாவது பாதி வெளிச்சம் போய்விடும்.

சித்திரை வெயிலில் கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குள் அந்த ஜெல் என்ன கதிக்கு ஆளாகும்? பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டால் நுனி நகரும், ஜெல் காயும். பவர் மீட்டரில் அன்று சரியாகக் காட்டிய இணைப்பு பிறகு வீட்டில் சிவப்பு விளக்காக எரியும். வாடிக்கையாளர் திட்டுவது கம்பத்தில் ஏறியவனைத்தான். மறுபடி ஏறியதற்குக் கூலி யார் தந்தார்கள்? யாரும் தரவில்லை. மிச்சம் பிடிப்பவர்கள் நிறுவனத்தார், ஏச்சு வாங்குவது நாங்கள். இதைச் சிக்கனம் என்று சொல்ல அவர்களுக்கு எப்படி மனம் வருகிறது?

ஆகவே எங்கள் கோரிக்கை இது: மெயின் லைனிலும் ஸ்பிளிட்டர் வரையிலும் பியூஷன் மட்டுமே போட வேண்டும். வீட்டுக்குள் போகும் கடைசித் துண்டில், சூழ்நிலையைப் பொறுத்து, மெக்கானிக்கலை அனுமதிக்கலாம். அவசரத்துக்குப் போட்டதைக் கூடிய விரைவில் மாற்ற வேண்டும். கெடு நாள் குறிப்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. வட்டாரத்துக்கு ஒரு மெஷினும் எலக்ட்ரோடு, கிளீவர் பிளேடு மாற்றும் செலவும் நிறுவனத்தின் பொறுப்பு.

இவை எழுத்தில் வரும்வரை, மெயின் லைனில் போட்ட மெக்கானிக்கல் இணைப்பை முடிந்த வேலை என்று காட்டும் எந்தத் தாளிலும் உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டாம்.