பரிகாரம் இல்லாத மன்னிப்பு

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு மக்கள் திரள்கின்றனர். பாலாவியில் திரும்பிக் கற்பிட்டிக் குடாநாட்டின் வழியே செல்லும் அந்த யாத்திரிகர்கள், தம் பாவம் தீர வேண்டிக்கொண்டே வேறொரு பாவத்தின் சாட்சியங்களைக் கடந்து போகின்றனர். அப்பாதையோரக் குடியிருப்புகள் பல, 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் அமைத்தவை.

அம்மாதத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் 2 மணித்தியாலம். நகையும் பணமும் வழியிலேயே பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவின் மக்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். தையற்காரர், இரும்புக் கடைக்காரர், மீனவர், கூலியாட்கள்: தமிழே பேசிய இவர்களைத் தமிழரின் விடுதலையின் பெயரால் விரட்டினார்கள்!

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். நடந்ததை மறந்து மன்னிக்குமாறும் கேட்டார். அத்துடன் கணக்குத் தீர்ந்தது என்று நம்மவரிற் பலர் நிம்மதியடைந்தனர். தீர்ந்ததா?

நமது திருச்சபை சிறுவர்களுக்குக் கற்பிக்கும் பாடத்தையாவது நினைத்துப் பார்ப்போம். மனம் வருந்துதல், வாய்விட்டுச் சொல்லுதல், பரிகாரம் செய்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பாவசங்கீர்த்தனம். களவெடுத்த வலையைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவனுக்கு எந்தக் குருவானவர் பாவமன்னிப்பு அளிப்பார்? வரி வசூலித்துக் கொழுத்த சக்கேயு, பாதிச் சொத்தை ஏழைகளுக்கும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகவும் கொடுப்பதாகச் சொன்ன பின்னரே அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததாக லூக்கா எழுதுகிறார். நாசிகள் 1945 இல் தூக்கிலிட்ட போதகர் போன்ஹோபர், விலை கொடாமல் பெறும் அருளை மலிவான அருள் என்று கண்டித்தார். நாம் விரும்புவது அந்த மலிவுச் சரக்கையே.

“புலிகள் செய்ததற்கு நாம் என்ன செய்வோம்?” என்பர் சிலர். செய்த பாவங்களோடு, செய்யாமல் விட்ட கடமைகளையும் ஞாயிறுதோறும் திருப்பலியில் அறிக்கையிடுகின்றோமே, அது வெறும் வாய்ப்பாடா? அன்று துப்பாக்கிக்கு அஞ்சி மௌனமாயிருந்தோம், ஒப்புக்கொள்வோம். 2009 இற்குப் பின்னரும் அம்மௌனம் நீடித்ததே, அதற்கு எந்தத் துப்பாக்கி காரணம்? “கிழக்கில் முஸ்லிம் ஊர்காவற் படையினர் தமிழரைக் கொல்லவில்லையா?” என்பர் வேறு சிலர். கொன்றனர், அதற்கும் நீதி வேண்டும். ஆனால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு அயலானின் பாவங்களைப் பட்டியலிடும் வழக்கம் எங்கும் இல்லை.

இதுவரை விலை கொடுத்தவர் யார்? விரட்டப்பட்டவர்கள் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தென்னங்காணிகளையும் பள்ளிவாசல்களையும் திறந்துவிட்டு, மணற்கிணற்றின் நீரையும் பாடசாலை வாங்கையும் பகிர்ந்துகொண்ட புத்தளத்து எளிய மக்கள் கொடுத்தார்கள். வடக்கில் அவர்களது காணிகளோ காடாயின, அல்லது கைமாறின. 10 ஆண்டுகள் தடையின்றி ஆண்டவனுக்கே நிலம் என்பது இந்நாட்டுச் சட்டம். போரினால் உரிமை கோர முடியாதிருந்தோருக்கு அவ்விதியிலிருந்து விலக்களிக்க 2016 வரை சட்டம் பிறக்கவில்லை. பிறந்த சட்டமும் 2 ஆண்டு அவகாசமே தந்தது. சட்டத்திற்குக் காலவரையறை உண்டு. பிறன் வீட்டில் குடியிருப்பவனின் மனச்சாட்சிக்கும் அது உண்டா?

என் வகுப்பில் ஒரு மாணவியிடம் ஊரைக் கேட்டேன். “எருக்கலம்பிட்டி, சேர்” என்றாள். அவள் பிறந்தது இங்கே. அவளுடைய தாய் கைக்குழந்தையாய் வள்ளத்தில் வந்தவள். அச்சிறுமி ஒரு நாளும் வாழாத ஊரைத் தன் ஊர் என்கிறாள். அவளிடம் போய், மறந்துவிடு என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

தமிழாசிரியர்களே, மாணவர்களே! 1990 ஒக்டோபரை வகுப்பறையில் வெளிப்படையாகப் பேசுவோம். திரும்பி வருவோருக்குக் காணியும், கடலில் தொழில் செய்யும் உரிமையும், பாடசாலையில் இடமும் கிடைக்க அவர்களுக்கு முன்னால் நாம் குரல் எழுப்புவோம். பங்குக் கோவில்கள் தம் மக்களிடம் அடுத்தவன் காணியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லட்டும். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்னவர் கிறிஸ்து. அச்சகோதரன் நம்மை மன்னிப்பானா என்பதை அவன் தீர்மானிப்பான். கடனோடு அவன் வாசலுக்குப் போக வேண்டியவர்கள் நாம்.