எழுமலை ஓட்டு மொத்தமா விழுமா? கட்சிகளின் கணக்கை உடைக்கும் தேர்தல் முடிவுகள்!

மதுரை மாவட்டம் எழுமலை பக்கம் தேர்தல் வந்துவிட்டால் எல்லா கட்சிக்காரர்களும் போடும் கணக்கு ஒன்றுதான். இது முக்குலத்தோர் ஏரியா, ஓட்டு மொத்தமாக ஒரே பக்கம் விழும் என்பார்கள். ஆனால் முடிவுகளைப் புரட்டிப் பார்த்தால் கதையே வேறு.

எழுமலை முன்பு சேடபட்டி தொகுதியில் இருந்தது. 2008ல் நடந்த தொகுதி சீரமைப்பில் சேடபட்டி தொகுதி காணாமல் போனது. 2011 தேர்தல் முதல் எழுமலை உசிலம்பட்டி தொகுதிக்குள் வந்துவிட்டது. பார்லிமென்டுக்கு தேனி. கலெக்டரிடம் மனு கொடுக்க மதுரைக்குப் போக வேண்டும், ஓட்டுப் போடுவது தேனி எம்.பி.க்கு!

சேடபட்டி தொகுதியில் 1977, 80, 84, 91 என நான்கு முறை அ.தி.மு.க. சார்பில் ஜெயித்தவர் சபாநாயகராக இருந்த சேடபட்டி முத்தையா. அதே தொகுதி 1996 அலையில் தி.மு.க.வுக்குப் போனது. பக்கத்து உசிலம்பட்டியோ பார்வர்டு பிளாக் கோட்டை. கச்சத்தீவை கொடுத்தபோது பார்லிமென்டில் எதிர்த்துப் பேசிய மூக்கையாத்தேவர் 1957 முதல் 1977 வரை வரிசையாக ஜெயித்த தொகுதி அது. அவர் மறைவுக்குப் பிறகு அந்தக் கட்சி ஒரு தேர்தலில் சூரியனோடும் இன்னொரு தேர்தலில் இலையோடும் கூட்டணி சேர்ந்துதான் கரையேறியது. வல்லரசு 1989ல் தி.மு.க. எம்.எல்.ஏ., 1996ல் பார்வர்டு பிளாக் எம்.எல்.ஏ. என்பது பெருசுகளுக்கு ஞாபகம் இருக்கும்.

கணக்கு எப்படி உடைகிறது என்பதை 2021 சட்டசபை தேர்தல் வெட்டவெளிச்சம் ஆக்கியது. அந்த தேர்தல் தேதி அறிவித்த பிப்ரவரி 26ந்தேதி அன்றுதான் வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டம் சட்டசபையில் நிறைவேறியது. 20 சதவீதத்தில் வன்னியர்களுக்கு 10.5 போனது, சீர்மரபினர் உள்ளிட்டோருக்கு ஒதுக்கியது 7தான். பிரமலைக்கள்ளர் சமூகத்தினர் கொதித்துப் போனார்கள். உசிலம்பட்டி பகுதி கிராமங்களில் கருப்புக்கொடி பறந்தது. அ.தி.மு.க. கதை இங்கே முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

நடந்தது என்ன? அ.தி.மு.க.வின் அய்யப்பன் 71 ஆயிரத்து சொச்சம் ஓட்டு வாங்கி ஜெயித்தார். தி.மு.க. கூட்டணியில் நின்ற பார்வர்டு பிளாக் கதிரவனுக்கு 63 ஆயிரத்து சொச்சம். 2006ல் இதே தொகுதியில் இலையில் ஜெயித்திருந்த மகேந்திரன் இந்த முறை அ.ம.மு.க.வில் நின்று 55 ஆயிரத்தை தாண்டினார். ஜெயித்தவருக்கு வித்தியாசம் வெறும் 7 ஆயிரத்து சொச்சம். கோபம் இல்லாமல் இல்லை. அது ஒரே பெட்டியில் விழவில்லை, அவ்வளவுதான். முக்கிய கட்சிகள் எல்லாம் ஒரே சமூகத்தில் ஆள் தேடி நிறுத்தும்போது ஜாதி ஓட்டு எப்படி ஒரு பக்கம் சாயும்? பிரச்சினைக்குரிய அந்த சட்டத்தை 2022 மார்ச் 31ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது.

ஆளைப் பார்த்து ஓட்டா, சின்னம் பார்த்து ஓட்டா என்பதற்கு தேனி பார்லிமென்ட் தொகுதியே பதில். 2019ல் அ.ம.மு.க.வில் நின்ற தங்க தமிழ்செல்வனுக்கு கிடைத்தது 1 லட்சத்து 44 ஆயிரம், மூன்றாவது இடம். 2024ல் அதே ஆள் தி.மு.க. வேட்பாளர். தன் பழைய தலைவர் டி.டி.வி.தினகரனையே 2 லட்சத்து 78 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

இத்தனை பேரும் ஒரே சமூகத்து ஓட்டைப் பிய்த்துக்கொள்ளும்போது மற்றவர்கள் ஓட்டுக்குத்தான் மவுசு. தலித், பிள்ளைமார், நாயுடு, முஸ்லிம் என்று அந்த ஓட்டுக்கும் ஒரே பாதை கிடையாது. எழுமலைக்கு அருகே உள்ள உத்தப்புரமே சாட்சி. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டுகள் போராட்டத்துக்குப் பிறகு 2008 மே 6ந்தேதி அங்கிருந்த தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை அதிகாரிகள் இடித்தார்கள். எதிர்த்த பிள்ளைமார் ரேஷன் கார்டை திருப்பிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஒரே ஊரில் இரண்டு தெரு, இரண்டு மனக்கணக்கு.

இதில் சாமானிய வாக்காளருக்கு ஒரு வில்லங்கமும் இருக்கிறது. தனி ஆள் போட்ட ஓட்டு ரகசியம். தெரு போட்ட ஓட்டு ரகசியம் இல்லை. பூத் வாரியாக யாருக்கு எத்தனை என்பதை 'படிவம் 20' என்று தேர்தல் கமிஷனே வெளியிடுகிறது. ஒரு பூத்துக்கு ஆயிரம் ஓட்டு சொச்சம்தான். சின்ன கிராமம் என்றால் எந்த தெரு காலை வாரியது என்று கட்சிக்காரர் விரல்விட்டு எண்ணிவிடுவார். அப்புறம் அந்த தெருவுக்கு குழாய் எப்போது வரும், ரோடு எப்போது வரும்?

ஓட்டுச்சீட்டு காலத்தில் பல பூத் சீட்டுகளை கலந்து எண்ண வழி இருந்தது. மெஷின் வந்ததும் அது போச்சு. பல மெஷின்களின் ஓட்டை சேர்த்து மொத்தமாகக் காட்டும் 'டோட்டலைசர்' கருவி வேண்டும் என்று தேர்தல் கமிஷன் 2008லேயே கேட்டது. சட்ட கமிஷனும் 2015ல் சிபாரிசு செய்தது. மத்திய அரசு அதை ஏற்கவில்லை.