தட்டில் இருக்கும் ஈரம்

பொய்ப்பல் கட்டும் கூடத்தை நேயர்களில் பலர் எட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள். பல் வைத்தியர் அச்செடுத்து அனுப்பிய பின், அங்கே ஒருவர் பீங்கான் தூளைக் காய்ச்சி வடித்த நீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காக வைத்துப் பல்லுக்கு உருக் கொடுக்கிறார். தட்டிலுள்ள குழைவு காய்ந்துவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய பெருங்கவலை. தட்டின் ஓரத்தில் நனைந்த பட்டை ஒன்றை வைத்து ஈரம் காக்கிறார். காய்ந்ததை மறுபடியும் நீர் விட்டுக் குழைத்தால் காற்றுக் குமிழிகள் உள்ளே தங்கிவிடும். சூளையில் சுட்ட பிறகு பல்லில் பொத்தல் தெரியும். போனால் ஒரு பல் போயிற்று. வேறு செய்து கொள்ளலாம்.

விருதுநகர்ச் சீமையிலும் எத்தனையோ கைகள் இதே ஈரத்தைக் காத்து வருகின்றன. ஆனால் அங்கே தட்டில் இருப்பது பீங்கான் அன்று, மருந்து.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதையைச் சிவகாசியில் அறியாதார் இல்லை. மழை குறைந்த கரிசல் பூமி அது. பயிரை வாட்டிய வெயில், குச்சியையும் காகிதத்தையும் உலர்த்திக் கொடுத்துத் தொழிலை வாழ வைத்தது. ஆனால் குச்சியை உலர்த்துகிற வெயில் தட்டிலுள்ள மருந்தை மாத்திரம் விட்டு வைக்குமா?

தீக்குச்சித் தலைக்கான மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு, கந்தகம், கண்ணாடித் தூள், வஜ்ஜிரப் பசை முதலியவை சேருகின்றன. அதைச் சூட்டில் இளக்கித் தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, குச்சிகள் அடுக்கிய சட்டத்தை அதில் முக்கி எடுப்பார்கள். இவ்வேலையில் பெரும்பகுதியை இன்று இயந்திரம் ஏற்றுக் கொண்டுவிட்டது. கையோ, இயந்திரமோ, மருந்தின் குணம் மாறவில்லை. ஈரம் உள்ளவரை அது சாது. ஓரத்தில் காய்ந்து பொருக்குத் தட்டியதைச் சுரண்டப் போனால் ஓர் உரசலே போதும். குளோரேட்டும் கந்தகமும் கலந்த கலவையை 1992இல் சர்க்கார் பட்டாசுகளில் தடை செய்ததற்கு இந்தக் குணமே காரணம். தீக்குச்சித் தலைக்கு விலக்கு உண்டு.

அப்படியானால் எந்நேரமும் நனைத்தே வைத்திருந்தால் போயிற்று என்று தோன்றலாம். அங்கேதான் சங்கடம். மத்தாப்பு மருந்தில் அலுமினியத் தூளும் நைட்ரேட்டு உப்பும் சேர்வது உண்டு. இவை நீரோடு நெடுநேரம் கிடந்தால் அலுமினியம் மெல்ல வினைபுரியத் தொடங்கும். அம்மோனியாவின் நெடி எழும். அதன் காரத்தன்மை வினையை இன்னும் முடுக்கிவிடும். குவியலின் நடுவில் பிறக்கும் சூடு வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், ஒருவர் கையும் படாமலே தீப்பற்றக்கூடும். சிறிதளவு போரிக் அமிலம் சேர்த்தால் இந்த வினை அடங்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் கேரம் பலகையில் தூவுகிறார்களே, அதே பொடிதான்!

ஆகவே மருந்தைக் காயவும் விடலாகாது. ஈரத்தோடு இரவு தங்கவும் விடலாகாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அன்றே தீர்த்து, தட்டைக் கழுவிவிட வேண்டும். இது தொழிலாளிகளுக்குத் தெரியாதது அன்று. ஆனால் இத்தனை உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், கலக்கும் நேரமும் கழுவும் நேரமும் எந்தக் கணக்கில் சேரும்? தீபாவளி நெருங்க நெருங்க, பலமுறை கலக்க வேண்டியதை ஒரே முறையில் கலந்து வைத்துக் கொள்ளத் தோன்றுகிறது. பொழுது சாயும்போது தட்டில் மருந்து மிஞ்சுகிறது.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நாற்பது பேர் வரை மாண்டனர். அதன் பின்னும் இப்பகுதியிலிருந்து வெடிவிபத்துச் செய்தி வருவது நிற்கவில்லை. விபத்து நேரும்போதெல்லாம் 'கவனக்குறைவு' என்ற ஒரு சொல்லைத் தொழிலாளியின் தலையில் சுமத்திவிட்டு நாம் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். கவனமாக இருப்பதற்குக் கூலி கொடுக்காத இடத்தில் அச்சொல்லைக் கூறுவது நியாயமாகாது.

முதலாளிமார்களிடம் நாம் கேட்பது பெரிய தியாகம் அன்று. மாலையில் வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே மருந்து கலப்பதை நிறுத்திவிடலாம். அந்த ஒரு மணி நேரம் ஈரத் துணியால் தட்டைத் துடைப்பதற்கும், மிச்சத்தை முறைப்படி அப்புறப்படுத்துவதற்கும் என்று வைத்து, அதற்கும் கூலி உண்டென்று சீட்டில் எழுதிவிடலாம். இதனால் பட்டாசுப் பெட்டிக்கு இரண்டொரு ரூபாய் அதிகமானால் நேயர்கள் கொடுக்க மறுப்பார்கள் என்று நாம் நினைக்கவில்லை.