போனில் சொன்னால் போதுமா?

கேள்வி: வெண்டை விதைத்தேன்; பாதிக்குமேல் முளைக்கவில்லை. விதைக்கடைக்குப் போன் செய்தால், ‘கம்பெனி ஆள் வருவார்’ என்றே பத்து நாளாகச் சொல்கிறார்கள். மின்னஞ்சல் அனுப்பினால் பலன் உண்டா?

பதில்: உண்டு. அவசரத்துக்குப் போன், ஆதாரத்துக்கு எழுத்து. சின்னக் கடைகளில் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பவர் குறைவு. அதனால் போனில் பேசுவது சரிதான். ஆனால், பேசியதற்குச் சாட்சி இல்லை. இன்றே கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பிலும், விதைப்பையில் உள்ள கம்பெனி முகவரிக்கு மின்னஞ்சலிலும் எழுதுங்கள். ரகம், குவியல் எண், பில் எண், வாங்கிய தேதி, விதைத்த நாள், பரப்பு, போன் செய்த நாள்கள் அனைத்தையும் குறிப்பிட்டு, வயல் படத்தையும் சேருங்கள்.

அதே விவரங்களுடன் விதை ஆய்வாளரிடமும் புகார் கொடுங்கள். 1968-ம் ஆண்டு விதை விதிகளில் 23-ஏ பிரிவின்படி, விவசாயி எழுத்துமூலம் புகார் கொடுத்தால், அவர் பையின் அட்டையையும் மீதி விதையின் மாதிரியையும் எடுத்து விசாரிக்க வேண்டும். எனவே காலிப்பை, பில், மீதி விதை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அவர் பார்க்கும்வரை வயலை உழுதுவிடாதீர்கள்.

அப்படியும் தீராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர 2 ஆண்டு அவகாசம் உண்டு. அங்கேயும் முதலில் கேட்பது பில்லும் எழுத்தும்தான்.