கோயிலோடு பிறந்த சங்கம்

சென்ற ஆண்டு மகன் வீட்டுக்குச் சிங்கப்பூர் போயிருந்தபோது, தெலுக் ஆயர் தெருவில் உள்ள தியான் ஹொக் கெங் என்ற பழமையான சீனக் கோயிலுக்குச் சென்று வந்தோம். மற்றவர்கள் கூரையிலுள்ள சிற்பங்களைப் படம் எடுத்துக் கொண்டிருந்தார்கள். நம் கண் போனதோ நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லின்மீது. வியாபாரியின் கண் அல்லவா!

அந்தத் தெரு முன்பு கடற்கரையாக இருந்தது. கடலைத் தூர்த்தது பிற்காலத்தில்தான். சீனாவின் ஃபூஜியன் பகுதியிலிருந்து கப்பலில் வந்திறங்கியவர்கள், உயிரோடு கரை சேர்த்த கடல் தெய்வம் மாசுவுக்கு அங்கே சிறு கோயில் வைத்து வணங்கினார்கள். 1839 முதல் 1842 வரை பெரிய கோயிலாகக் கட்டினார்கள். அதற்குப் பெருந்தொகை கொடுத்தவர் டான் டோக் செங். 1819ல் மலாக்காவிலிருந்து வந்து காய்கறி, பழம், கோழி விற்றுப் பிழைத்தவர். 1844ல் அவர் கொடையால் ஏழைகளுக்கென்று தொடங்கப்பட்ட மருத்துவமனை இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது.

நம் மனதைத் தொட்டது இன்னொன்று. கோயில் பணி நடக்கும்போதே, 1840ல், அவர்களுடைய சங்கமும் அங்கேயே தொடங்கிவிட்டது. சாமி கும்பிடும் இடத்திலேயே ஊர்க்காரர் வழக்கையும் தீர்த்தார்கள். 1915ல் கோயிலை ஒட்டிப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்கள்.

அதே தெருவில் நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1828-1830ல் எழுப்பிய நாகூர் தர்காவும் இருக்கிறது. கடல் கடந்து போன வியாபாரி, எந்த மதத்தவனானாலும், கூட்டாக ஒன்றைக் கட்டி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

இது நமக்குப் புதிதல்ல. தென்பாண்டிச் சீமை வியாபாரிகள் மகமை என்று மூட்டைக்கு இவ்வளவு என எடுத்து வைத்தார்கள். மகமையும் வீட்டுக்கு வீடு பிடியரிசியும் சேர்ந்துதான் விருதுநகரில் 1889ல் க்ஷத்திரிய வித்யாசாலா எழுந்தது. காமராஜர் படித்த பள்ளி அது.

நாம் என்ன செய்கிறோம்? அம்மன் கொடைக்கு வரி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன், நம் சந்தையில் சிறு மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் சிறுநீரகக் கோளாறில் படுத்தார். கடைகடையாக ஏறி இறங்கி வசூலித்தோம். பணம் சேருவதற்குள் கடை கைமாறிவிட்டது. அவர் இறந்தபோது சங்கத்தின் சார்பில் மலர்வளையம் வைத்தோம். நம்மிடம் பத்து வருஷம் சரக்கு எடுத்தவர். அவருக்கு நாம் கொடுத்தது ஐந்நூறு ரூபாய். இன்றும் உறுத்துகிறது.

ஜி.எஸ்.டி., வாடகை, ஆன்லைன் போட்டி என்று கழுத்து நெரிபடும்போது இதற்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கடைகள், நாளுக்குப் பத்து ரூபாய். முந்நூறு வேலை நாளில் மூன்று லட்சம். ஒரு டீயின் விலை.

இந்த நிதி சிகிச்சைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் மட்டுமே செலவாக வேண்டும். வரவு செலவை மாதந்தோறும் சங்கப் பலகையில் எழுதிப் போட வேண்டும். கணக்கு வெளிச்சத்தில் இருந்தால் கொடுக்கிற கை தயங்காது. அடுத்த பொதுக்குழுவில் இதை முன்மொழிய இருக்கிறோம். முதல் வருஷத்துப் பங்கை அன்றே கட்டிவிடுவோம்.