ஆறு தம்படிக் கடன்

பூண்டி என்றால் சென்னைக்காரர்களுக்கு ஏரி நினைவுக்கு வரும். தஞ்சாவூர்க்காரர்களுக்கு மாதா கோவில். கோயமுத்தூர்க்காரர்களுக்கு வெள்ளியங்கிரி மலையடிவாரம். நான் சொல்லப்போகிற பூண்டி இவற்றில் எதுவும் அல்ல. கொடைக்கானலிலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டர் அளவில், மன்னவனூரையும் கவுஞ்சியையும் தாண்டி, பழனி மலையின் மேல்தட்டில் இருக்கிறது அது. சரிவுகளைப் படி படியாக வெட்டிப் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிரிடுகிற ஊர். மார்கழியில் உறைபனி விழும். மற்ற மாதங்களில் மேகம் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த ஊரில் சொந்தமாக ஒரு வீடு வைத்திருப்பவர் வருஷா வருஷம் ஊராட்சிக்கு வீட்டு வரி கட்டுகிறார். அந்த வரியின் முதுகில் இன்னொரு வரியும் ஏறிக்கொண்டு போகிறது. அதன் பெயர் நூலக வரி. இன்றைக்கு அது ரூபாய்க்குப் பத்துக் காசு. கட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பழக்கம் நம் ஜனங்களுக்குக் கிடையாது. தெரியாமலே கொடுக்கிறவனிடம் வாங்குவது சர்க்காருக்கும் சௌகரியம்.

இது நேற்று முளைத்த வரி அல்ல. 1948-இல், சுதந்திரம் வந்த மறு வருஷமே, சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். அதற்காகப் பல வருஷம் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணிதம் போதித்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகத்துக்கு வந்து, நூலகத்தை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டார். சட்டசபையில் மசோதாவைக் கொண்டுவந்தவர் அன்றைய கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார். 1950-இல் சட்டம் அமலுக்கு வந்தது. வீட்டு வரியில் ரூபாய்க்கு ஆறு தம்படி நூலகத்துக்கு என்று அதில் எழுதி வைத்தார்கள். அந்த ஆறு தம்படிதான் வளர்ந்து வளர்ந்து இன்று பத்துக் காசு ஆகியிருக்கிறது.

ஆறு தம்படி அற்பத் தொகைதான். ஆனால் அதன் பின்னால் இருந்த எண்ணம் அற்பமல்ல. நூலகம் என்பது ராஜா மனம் இரங்கிக் கொடுக்கிற தானமும் அல்ல, பணக்காரர் தம் தகப்பனார் பேரில் கட்டிவைக்கிற தர்மமும் அல்ல. ஜனங்கள் தங்கள் காசில் தங்களுக்காக வாங்கிக்கொள்கிற பொதுச் சொத்து. இந்தச் சொத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று காட்டுகிற சீட்டுத்தான் நூலக உறுப்பினர் அட்டை. அதைச் சலுகைச் சீட்டு என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தவறு. உண்மையில் அது வரி கட்டியதற்கான ரசீது.

சரி, அந்த ரசீதை வாங்கப் போகிறவனிடம் நாம் என்ன சொல்கிறோம்? ‘காப்புத் தொகை கட்டு, ஆண்டுச் சந்தா கட்டு’ என்கிறோம். தொகை சிறியதுதான், டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்து எழுந்தால் ஆகிற செலவு. ஆனால் விஷயம் தொகையில் இல்லை. தன் கிணற்றில் தண்ணீர் எடுக்கத் தானே கூலி கொடுப்பது என்ன நியாயம்? உலகத்துப் பொது நூலகங்களுக்காக யுனெஸ்கோ 1994-இல் வெளியிட்டு, 2022-இல் புதுப்பித்த அறிக்கையும், பொது நூலகச் சேவை கொள்கையளவில் கட்டணமில்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறது. நம் சட்டத்துக்கு அதைவிட வயது அதிகம். வயதுக்கேற்ற விவேகம் வேண்டாமா?

‘இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு இருக்காது, காப்புத் தொகை இல்லாவிட்டால் புத்தகம் திரும்பி வராது’ என்கிறார்கள். இந்த வாதத்தை நான் முப்பது இடத்தில் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் அலமாரியில் பிறர் புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பவர்கள்! 1956-இல் காமராஜர் ஆட்சி பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட முன்வந்தபோதும் இதே குரல் கேட்டது. இலவசச் சோறு பிள்ளைகளைச் சோம்பேறியாக்கும் என்று பேசியவர்கள் உண்டு. பிள்ளைகள் சோம்பேறி ஆகவில்லை. படித்து உத்தியோகத்துக்குப் போனார்கள். புத்தகம் திரும்பாத நஷ்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் பேர் கை பட்டுக் கிழிந்து தொலைந்த புத்தகம் நஷ்டமா, கட்டுப் பிரிக்காமல் கறையான் தின்ற புத்தகம் நஷ்டமா? முதலாவது தன் வேலையைச் செய்துவிட்டுச் செத்தது. இரண்டாவது பிறக்காமலே செத்தது.

நாவல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இதில் எனக்கும் சம்பந்தம் உண்டு. தமிழில் ஒரு புத்தகம் அச்சாக வேண்டுமானால் பதிப்பாளர் முதலில் நூலக ஆணை வருமா என்றுதான் கணக்குப் போடுகிறார். ஆணை வந்தால் ஆசிரியருக்கும் நாலு காசு. அந்தக் காசு வருகிற வழியைப் பின்னாலேயே நடந்து பார்த்தால், அது எங்கோ ஒரு மலைக்கிராமத்து வீட்டு வரியில் போய் முடியும். அப்படியானால் என் புத்தகத்துக்குப் பணம் கொடுத்தவர் பூண்டியில் இருக்கிறார். புத்தகம் மட்டும் அவர் வீட்டுக்குப் போகவில்லை என்றால் நாங்கள் எழுத்தாளர்களும் இந்த அநியாயத்தில் பங்காளிகள்தாம்.

‘அந்த மலையில் யாரையா படிக்கப்போகிறார்கள்?’ என்பது அடுத்த கேள்வி. இதைக் கேட்பவர்களைப் பூண்டிக்கு நேர் மேற்கே, மலையின் அந்தப் பக்கம் கொஞ்சம் பார்க்கச் சொல்கிறேன். அங்கே வட்டவடை இருக்கிறது. கேரளத்தில் இருந்தாலும் தமிழ் பேசுகிறவர்கள் நிறைந்த, இதே காய்கறி விளைகிற மலையூர். அந்த ஊரிலிருந்து எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரிக்குப் படிக்கப் போன அபிமன்யு என்ற மாணவன் 2018-இல் கொலையுண்டான். தன் ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் பெயரிலேயே வட்டவடையில் நூலகம் எழுந்தது. பல ஊர் ஜனங்கள் புத்தகம் அனுப்பினார்கள். இன்னும் தள்ளி, மூணாறுக்கு அப்பால் காட்டுக்குள் இடமலைக்குடி. முதுவர்கள் வாழும் குடி. அங்கே ஒரு டீக்கடைக்காரர் தம் கடையிலேயே நூற்றறுபது புத்தகங்களை வைத்து இரவல் கொடுத்து வந்ததையும், நடந்தே போய்ச் சேரவேண்டிய அந்தக் காட்டில் ஜனங்கள் அவற்றை வாங்கிப் படித்ததையும் 2014-இல் பத்திரிகைகள் எழுதின. அதே மழை, அதே குளிர், அதே பாஷை. மலையின் மேற்குச் சரிவில் படிக்கிறவன் கிழக்குச் சரிவில் மட்டும் படிக்கமாட்டானா? குறை மனிதனிடத்தில் இல்லை, ஏற்பாட்டில்தான் இருக்கிறது. 1945-இல் நாற்பத்தேழு நூலகங்களை ஒன்று சேர்த்துப் பி. என். பணிக்கர் அந்த நாட்டில் தொடங்கிவைத்த இயக்கம் ஊர் ஊராக வேர் விட்டது. நம்மிடம் சட்டம் முந்தி வந்தது, இயக்கம் பின்தங்கிவிட்டது.

கட்டடம் கட்டவில்லை என்று யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது. 2010-இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டும் யாரும் பெருமைப்படத்தக்க மாளிகைகள். நான் அவற்றைப் பழிக்கமாட்டேன். கிராமங்களையும் மறந்துவிடவில்லை. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சி தோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. ஆனால் பல ஊர்களில் அந்தக் கட்டடத்தின் பூட்டுத்தான் துருப்பிடித்தது. புத்தகத்தின் அட்டை அழுக்காகவில்லை. திறந்து வைக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும் என்பதை யோசிக்க மறந்துவிட்டார்கள்.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. 1850-இல் அந்த நாட்டில் பொது நூலகச் சட்டம் போட்டார்கள். பவுனுக்கு அரைப் பென்னி வரி. அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம். புத்தகம் வாங்கக் கூடாது! புத்தகத்தை யாராவது தர்மம் கொடுப்பார்கள் என்பது எண்ணம். ஐந்தே வருஷத்தில், 1855-இல், தவற்றைத் திருத்தி, ஒரு பென்னியாக உயர்த்திப் புத்தகம் வாங்கவும் வழி செய்தார்கள். ஐந்து வருஷத்தில் அவர்களுக்குத் தெரிந்தது நமக்கு எத்தனை வருஷத்தில் தெரியப்போகிறது?

‘பணமில்லை’ என்று ஒரு பல்லவி உண்டு. பணம் வசூலாகிறது. ஆனால் வசூலித்த நூலக வரியை நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்காமல் உள்ளாட்சி மன்றங்கள் நிலுவை வைத்திருப்பது பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்தி. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் அவசரமாகத் தேவைப்பட்டது என்பார்கள். இருக்கலாம். ஆனால் கோவில் உண்டியல் பணத்தை எடுத்து வீட்டுக்கு ஓடு போட்டவனை ஊர் சும்மா விடுமா? ஒரு காரியத்துக்கென்று வாங்கிய பணம் அந்தக் காரியத்துக்குத்தான். நூலக வரியும் ஓர் உண்டியல்தான், சாமிதான் வேறு.

‘இந்தக் காலத்தில் எல்லாம் கைபேசியில் இருக்கிறதே’ என்பது கடைசி வாதம். தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களைக் காசில்லாமல் படிக்கலாம் என்பது உண்மை. நல்ல காரியம். ஆனால் வீட்டுக்கு ஒரு கைபேசி. அது அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விடுகிறது. சாயங்காலம் அது வீடு திரும்பினாலும், அதில் எதைத் தேடுவது என்று எட்டு வயதுப் பெண்ணுக்கு யார் சொல்வார்? தேர்வாணையப் பரீட்சைக்குத் தயாராகிறவளுக்குப் பத்திரிகை வேண்டும், பாடநூல் வேண்டும், வெளிச்சமும் அமைதியும் வேண்டும். நிலத்துக்குப் பட்டா மாறுதல் கேட்பவருக்கு மனு எழுத விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். கிழவிக்குப் பெரிய எழுத்தில் கதை வேண்டும். இத்தனையும் ஒரு கூரையின் கீழ், எதையும் விற்காமல், ‘நீ யார்’ என்று கேட்காமல் கிடைக்கிற இடம் நூலகம் ஒன்றுதான். அதில் கதை வாங்கிப் போகிறவளையும் பரீட்சைக்குப் படிக்கிறவளையும் நான் ஒரே தட்டில்தான் வைப்பேன். பிரயோஜனம் இருந்தால்தான் ஏழை படிக்கலாம், இன்பத்துக்காகப் படிப்பது வசதி படைத்தவன் உரிமை என்பது மிகக் கேவலமான அபிப்பிராயம்.

மலைக்குப் புத்தகம் கொண்டுபோவது அசாத்தியமா? பரோடாவில் சயாஜிராவ் மகாராஜா 1910-ஐ ஒட்டி நூலக இயக்கம் தொடங்கியபோது, மரப்பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக் கிராமத்துக்குக் கிராமம் அனுப்பினார்கள். அனுப்புகிற செலவு சமஸ்தானத்தைச் சேர்ந்தது. நம்முடைய மன்னார்குடிக்குப் பக்கத்தில், மேலவாசலில், எஸ். வி. கனகசபைப் பிள்ளை 1931-இல் மாட்டு வண்டியிலேயே நூலகம் நடத்தினார். அதைத் தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். மோட்டார் வண்டி அருமையாக இருந்த காலத்தில் மாடு இழுத்த பாரத்தை, பஸ் ஓடுகிற காலத்தில் நம்மால் இழுக்க முடியவில்லை என்றால் சிரிப்பார்கள். மன்னவனூரில் 1965-இலிருந்தே மத்திய சர்க்காரின் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை நடக்கிறது. செம்மறி ஆட்டையும் முயலையும் மலையேற்றத் தெரிந்த சர்க்காருக்குப் புத்தகத்தை ஏற்றத் தெரியாதா?

கொடைக்கானல் மலைப் பூண்டு புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. மூட்டை மூட்டையாக லாரியில் இறங்கி வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. விளைச்சல் இறங்குகிற பாதையில் படிப்பு ஏறக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

ஆகவே நான் கேட்பது நாலே காரியம். முதலாவது, காப்புத் தொகையையும் சந்தாவையும் எடுத்துவிடுங்கள். வீட்டு வரி கட்டுகிற குடும்பத்துக்கும், வீடே இல்லாதவருக்கும், கேட்ட மாத்திரத்தில் அட்டை கொடுங்கள். இரண்டாவது, அந்த அட்டை தமிழ்நாட்டின் எந்தப் பொது நூலகத்திலும் செல்லட்டும். மதுரை மாளிகையில் இருக்கிற புத்தகத்தைப் பூண்டியில் இருப்பவர் எழுதிக் கேட்டால் அது மலையேறி வரட்டும். மூன்றாவது, பதினைந்து நாளுக்கு ஒரு தரம் ஒரு பெட்டிப் புத்தகம் பஸ்ஸில் ஏறட்டும். நூலகத்துக்கு வரமுடியாதவர்களுக்கு வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோக 2022-இல் ‘நூலக நண்பர்கள்’ திட்டம் வந்தது. அந்த நண்பர்கள் சமவெளியோடு நின்றுவிடாமல் மலைக்கும் வரட்டும். நான்காவதுதான் முக்கியம். ஒவ்வொரு ஊராட்சி மன்றத்தின் சுவரிலும் ஒரு பலகை மாட்டுங்கள். இந்த ஊர் இந்த வருஷம் கட்டிய நூலக வரி இவ்வளவு. அதற்காக இந்த ஊருக்கு வந்த புத்தகம் இவ்வளவு என்று இரண்டே வரி எழுதுங்கள். நூலகங்களில் புரவலர் பெயர்களைப் பலகையில் எழுதி மாட்டுகிறோமே, எல்லாரையும்விடப் பெரிய புரவலர் வீட்டு வரி கட்டுகிற குடியானவர்தான். அவருக்கும் ஒரு பலகை இருக்கட்டும்.

அந்தப் பலகையின் இரண்டாவது வரி காலியாக இருக்கிற ஊர்களில் ஜனங்கள் என்ன கேட்கவேண்டும் என்று நான் சொல்லித்தரத் தேவையில்லை. ரூபாய்க்கு ஆறு தம்படி என்று 1950-இல் வாங்க ஆரம்பித்த கடன் அது. வட்டியைக்கூட அவர்கள் கேட்கவில்லை. முதலையாவது புத்தகமாகத் திருப்பிக் கொடுங்கள்.